ஜன்னலோரம் ஒரு தட்டு இட்லி: வீட்டிலேயே உணவுப் படம் எடுக்கப் பழகுவது எப்படி?

வத்தக்குழம்பைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் தெரிந்திருக்கும். நல்லெண்ணெய் பிரிந்து, சுண்டைக்காய் மிதந்து, வாசல் வரை மணக்கும் குழம்பு. படத்தில் பார்த்தால் ஒரு கிண்ணம் பழுப்பு நிறம், அவ்வளவுதான். என் அம்மா வைத்த குழம்பை முதன்முதலாக அப்படித் திரையில் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவருடைய கைப்பக்குவத்தைப் படமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதைப் பழகத் தொடங்கினேன்.

அதற்குக் கைபேசியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிக்கப் பழகியதுமே படங்கள் மாறிவிட்டன. அதனால் இந்த வழிகாட்டியில் வெளிச்சத்துக்குத்தான் அதிக இடம். வத்தக்குழம்பு கடினமான பாடம், அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் இட்லி.

வேண்டிய பொருட்கள்

கைபேசி, ஒரு ஜன்னல், பழைய வெள்ளை வேட்டி ஒன்று, ஒரு தெர்மோகோல் அட்டை, ஒரு கறுப்பு சார்ட் பேப்பர், தட்டு வைக்க ஒரு ஸ்டூல். முதல் மாதம் இதற்கு மேல் எதையும் வாங்காதீர்கள். ரிங் லைட், விதவிதமான பின்னணித் தாள்கள், சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்கள் என்று ஆசை இழுக்கும். வெளிச்சத்தைப் படிக்கத் தெரியாமல் அவற்றை வாங்கினால் எல்லாம் அலமாரியில்தான் கிடக்கும்.

கேமரா அமைப்புகளுக்குள் போய் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள், ஃபிளாஷை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் படம் எடுக்கும் முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் கைபேசியின் லென்ஸில் எண்ணெய் விரல் படாமல் இருக்காது. படம் பனிமூட்டம் போல மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் இதைத்தான் செய்ய மறக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் போதாதென்று டியூப்லைட்டையும் போடுவார்கள். பல்பு டப்பாவைப் பாருங்கள், 3000 கெல்வின், 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும். 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நண்பகல் வெயில் ஏறக்குறைய 5500. இரண்டு வகை வெளிச்சம் ஒரே தட்டில் விழுந்தால் கேமராவால் ஏதாவது ஒன்றுக்குத்தான் நிறத்தைச் சரிசெய்ய முடியும். இட்லியின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் நிற்கும். பிறகு எந்தச் செயலியில் போட்டு எவ்வளவு திருத்தினாலும் அது சரியாக வராது.

எந்த ஜன்னல், எந்த நேரம்

நேர் வெயில் விழாத, ஆனால் நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் வடக்கு ஜன்னலைச் சொல்லும். அது அவர்கள் ஊருக்குச் சரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

ஆகவே விதியை நம்பாமல் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி, 9 மணி, 11 மணி, மாலை 3 மணி, 4.30 என்று ஐந்து முறை எல்லா ஜன்னல்களையும் பார்த்து, எங்கே மென்மையான வெளிச்சம் இருக்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அதில் பட்டுத் திரும்பி வரும் வெயில் உணவுக்கு மிக அழகான வெளிச்சம். அந்தச் சுவரே பச்சை பெயின்ட் அடித்ததாக இருந்தால் உங்கள் தயிர் சாதத்தில் பச்சை ஏறும், வேறு ஜன்னலுக்கு நகர்ந்துவிடுங்கள்.

நேர் வெயில் வரும் ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் வேட்டியை எடுங்கள். ஒற்றை மடிப்பாக ஜன்னலுக்குக் குறுக்கே தொங்கவிட்டால் வெயில் அதில் பட்டுப் பரவி, நிழல்களின் ஓரம் மென்மையாகிவிடும். கம்பிகளின் நிழல் தட்டில் கோடு போடுவதும் நின்றுவிடும். கரைப் பகுதி வெளிச்சப் பாதையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடியிருக்கும் நாட்களில் வேட்டியே வேண்டாம், மேகமே அந்த வேலையைச் செய்துவிடும். துணி காயவில்லை என்று எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்த நாட்கள்தான் எனக்கு அதிகமான நல்ல படங்களைக் கொடுத்திருக்கின்றன.

ஸ்டூலை ஜன்னலிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள். அதிக தூரம் போனால் வெளிச்சம் குறையும், படம் புள்ளிபுள்ளியாகச் சொரசொரப்பாக வரும்.

இட்லிப் பயிற்சி

இரண்டு இட்லி, ஒரு மங்கலான நிறத் தட்டு. பயிற்சிக்கு இட்லியைவிட நல்ல பொருள் கிடையாது. வெள்ளை நிறம், மேடான வடிவம், மேலெல்லாம் நுண்துளைகள். வெளிச்சம் எப்படி விழுகிறதோ அதை அப்படியே காட்டிவிடும்.

தட்டை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேமராவோடு 6 மணி இடத்தில் இருக்கிறீர்கள். இப்போது ஜன்னல் எந்த மணியில் இருக்கிறது? உங்கள் முதுகுக்குப் பின்னால் என்றால் 6. இடது பக்கம் என்றால் 9. தட்டுக்கு அந்தப் புறம், உங்களுக்கு எதிரே என்றால் 12. ஜன்னலை நகர்த்த முடியாது, நீங்கள்தான் தட்டைச் சுற்றி நகர வேண்டும். ஜன்னல் 6, 9, 10.30, 12 ஆகிய நான்கு இடங்களில் வரும்படி நகர்ந்து நான்கு படங்கள் எடுங்கள்.

அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6 மணி வெளிச்சத்தில் இட்லி வெட்டி ஒட்டிய வெள்ளைக் காகித வட்டம் போல இருக்கும். 9-இல் ஒரு பக்கம் நிழல் விழுந்து இட்லிக்கு உருண்டை வடிவம் வந்துவிடும். 10.30-இல் துளைகள் ஒவ்வொன்றும் தெரியும், ஓரத்தில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும். 12-இல் பின்புறம் பளிச்சென்றும் முன்புறம் இருட்டாகவும் இருக்கும். நம் வீட்டுச் சமையலில் பெரும்பாலானவை 10-க்கும் 11-க்கும் இடைப்பட்ட வெளிச்சத்தில்தான் நன்றாக இருக்கின்றன, ஏனென்றால் சாம்பார், சட்னி, நெய் எல்லாவற்றின் ஈர மினுமினுப்பும் அங்கேதான் தெரியும். வலது பக்கம் ஜன்னல் இருப்பவர்களுக்கு அது 1-க்கும் 2-க்கும் இடையில்.

இட்லி சாம்பல் நிறமாக வருகிறதா? கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரமான சாம்பல் அளவு வெளிச்சம் உள்ளது என்று கணக்குப் போடும். வெள்ளைப் பொருளைக் கண்டால் ‘அதிக வெளிச்சம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். திரையில் இட்லியின் மேல் விரலை வைத்துச் சில நொடி அழுத்துங்கள், ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மெதுவாக மேலே இழுங்கள். இட்லி வெள்ளையாக வேண்டும், ஆனால் துளைகள் மறையக் கூடாது. எள்ளுருண்டை, கறுப்புக் கவுனி அரிசிப் பொங்கல் போன்றவற்றுக்கு இதே கணக்கு தலைகீழ். கேமரா அவற்றை வெளுப்பாக்கிவிடும், கீழே இழுக்க வேண்டும்.

இப்போது தெர்மோகோல். ஜன்னலுக்கு நேர் எதிர்ப் பக்கம், தட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். நிழல் பகுதி தெளிவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெல்ல விலக்குங்கள், நிழல் திரும்பி வரும். அதே இடத்தில் கறுப்புச் சார்ட்டை வைத்தால் நிழல் இன்னும் ஆழமாகும். மூன்றையும் எடுத்துப் பாருங்கள். நிழலை முழுவதும் ஒழித்துவிட வேண்டாம், நிழல் இல்லாத இட்லிக்கு உருவமே இருக்காது.

இந்தப் பயிற்சியை ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். இட்லி சலித்தால் வடை, வாழைப்பழம், முட்டை எதுவும் சரி. ஒரு வாரத்தில், ஹோட்டலில் சாப்பிட உட்காரும்போதே வெளிச்சம் எந்த மணியில் இருக்கிறதென்று கண் தானாகத் தேடத் தொடங்கும்.

எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்

கைபேசியின் மெயின் கேமரா அகலக் கோணம் கொண்டது. ஆசையாகத் தட்டுக்கு அருகில் கொண்டுபோனால் முன்னால் இருப்பது வீங்கியும் பின்னால் இருப்பது சுருங்கியும் தெரியும், வட்டத் தட்டு முட்டை வடிவமாகிவிடும். ஒரு கை தூரம் பின்னால் வந்து 2 மடங்கு ஜூமில் எடுங்கள். 0.5 என்ற அதி அகலக் கோணம் உணவுக்கு வேண்டாம். போர்ட்ரெய்ட் மோடையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டம்ளர் விளிம்பையும் கறிவேப்பிலை நுனியையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடுகிறது.

உயரத்தைத் தீர்மானிக்க ஒரே கேள்வி: இந்த உணவின் அழகு எங்கே இருக்கிறது? இலைச் சாப்பாடு, இடியாப்பம், ஜாங்கிரி இவற்றின் அழகு மேலிருந்து பார்த்தால்தான் தெரியும், நேர் மேலே போங்கள். கிண்ணத்தில் இருக்கும் கூட்டு, பொங்கல், பாயசம் எல்லாம் நாம் உட்கார்ந்து பார்க்கும் சாய்கோணத்தில், ஏறக்குறைய 45 பாகையில் நன்றாக இருக்கும். நுரை பொங்கும் ஃபில்டர் காபி, அடுக்கிய அடை, உப்பிய பூரி இவற்றுக்கு உயரம்தான் அழகு. கைபேசியைத் தட்டின் மட்டத்துக்கே இறக்குங்கள்.

மேலிருந்து எடுக்கும்போது கைபேசி தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சில கைபேசிகளில் திரை நடுவே இரண்டு கூட்டல் குறிகள் தெரியும், அவை ஒன்றாகச் சேரும்போது எடுங்கள்.

வாழை இலையை எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான வார்த்தை. நுனி, சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு எல்லாம் இலையின் மேல் பாதியில். சாதம் கீழ்ப் பாதியில். கேமரா நகர்கிற அவசரத்தில் இலையைத் திருப்பிப் போட்டு எடுத்த படங்களை நிறையப் பார்க்கிறேன். நிறமும் வெளிச்சமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தத் தவறுதான். நடு நரம்பு கிரிட் கோட்டுக்கு இணையாக ஓடட்டும். இலையைத் துடைத்து, ஒரு சில நீர்த்துளிகளை மட்டும் விட்டு வையுங்கள்.

பாத்திரமும் பின்னணியும்

எவர்சில்வர் தட்டு ஒரு கண்ணாடி. ஜன்னல், கூரை, கைபேசி பிடித்த உங்கள் கை எல்லாம் அதில் தெரியும். பழகும் வரை ஒதுக்கி வைப்பது நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் தட்டு எதைப் பிரதிபலிக்கிறதோ அந்த இடத்தில் தெர்மோகோலைப் பிடியுங்கள், தட்டு முழுக்க ஒரே சீரான வெள்ளையாகிவிடும். மண்சட்டி, கல்சட்டி, வாழை இலை, தையல் இலை, தேய்ந்துபோன பித்தளை ஆகியவை வெளிச்சத்தை அமைதியாக வாங்கிக்கொள்ளும்.

பின்னணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். பாலிஷ் போடாத கடப்பாக்கல், பழைய பலகை, கோரைப்பாய், முறம், சாயம் மங்கிய கைத்தறித் துண்டு போதும். மங்கலான, கோடு குறைந்த எதுவும் சரி. பளிச்சென்ற பூப்போட்ட மேசைவிரிப்பைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் வைக்கும் பொருளும் அந்தச் சமையலில் சேர்ந்ததாக இருக்கட்டும். புளிக்குழம்புக்குப் பக்கத்தில் ஒரு கொட்டைப் புளி இருக்கலாம். தக்காளி ரசத்துக்குப் பக்கத்தில் பட்டையும் கிராம்பும் எதற்கு?

உணவுக்கு உள்ள நேரம்

தோசை மொறுமொறுப்பாக இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அதை வைத்துக்கொண்டு கோணம் தேடினால் தொய்ந்துபோகும். அதனால் முதலில் ஒரு பழைய தோசையையோ காலித் தட்டையோ வைத்து வெளிச்சம், உயரம், தெர்மோகோல் இடம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுங்கள். கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்தோ ட்ரைபாடில் பூட்டியோ வையுங்கள். அப்புறம் அடுப்பிலிருந்து புதுத் தோசை வரட்டும்.

பூரிக்கு ஒரு நிமிடம். தேங்காய்ச் சட்னி கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நீர் விட்டுக்கொள்ளும், எடுக்கும் முன் கரண்டியால் ஒரு சுற்று சுற்றுங்கள். வெண்பொங்கல் இறுகும், ஒரு ஸ்பூன் வெந்நீரும் கொஞ்சம் நெய்யும் சேர்த்துத் தளர்த்தலாம். தாளிப்பை மட்டும் எப்போதும் கடைசியில் கொட்டுங்கள். கறிவேப்பிலை பச்சையாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் படத்துக்கு.

சாம்பாரில் முருங்கைக்காய் மூழ்கிவிடுகிறதே என்பார்கள். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்கு இதே சிக்கல் வந்தது. காய்கறி மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, 1970-இல் நிறுவனம் அந்த முறையைக் கைவிட வேண்டியதாயிற்று. பாலுக்குப் பதில் பசை, தேன்பாகுக்குப் பதில் என்ஜின் ஆயில் என்று விளம்பரத் துறையில் இன்னும் பல வித்தைகள் உண்டு. வீட்டில் பழகும் நமக்கு அவை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். படம் எடுத்த தட்டை அப்படியே சாப்பிட முடிய வேண்டும். ஆழம் குறைந்த கிண்ணத்தை எடுத்து, காய்களை முதலில் அடுக்கி, ஓரமாகச் சாம்பாரை ஊற்றினால் போதும், முருங்கைக்காய் தானாக மேலே நிற்கும்.

ஆவி

ஆவி தெரிய மூன்று வேண்டும்: ஜன்னல் 11 அல்லது 12 மணியில், ஆவிக்குப் பின்னால் கறுப்புச் சார்ட், மின்விசிறி நின்றிருக்க வேண்டும். காற்று குளிராக இருந்தால் ஆவி அடர்த்தியாகத் தெரியும். மார்கழிக் காலையில் பொங்கல் எடுத்துப் பாருங்கள், சித்திரை மதியத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால்

வேலைக்குப் போகிறவர்களின் நிலைமை இது. ஒரே ஒரு மேசை விளக்கை எடுத்து, அதையே ஜன்னலாக நினைத்து 10 மணி இடத்தில் வையுங்கள். விளக்குக்கும் தட்டுக்கும் நடுவில் வேட்டி. மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கட்டும். பல்பு வாங்கும்போது டப்பாவில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். அது குறைந்த பல்பில் சிவப்பு நிறங்கள் செத்துப்போகும், மிளகாய்ச் சட்னி செங்கல் தூள் போல வரும்.

திருத்துவது

இலவசமான ஸ்னாப்சீட் செயலியே போதும். முதலில் கோணலைச் சரிசெய்து, ஓரங்களை வெட்டுங்கள். பிறகு வெளிச்ச அளவு. அப்புறம் ஒயிட் பேலன்ஸ். இதற்குத் தட்டில் உப்போ பக்கத்தில் வெள்ளைக் காகிதமோ இருந்தால் அது வெள்ளையாகத் தெரியும் வரை மாற்றுங்கள். இட்லியைப் பார்த்து மாற்றாதீர்கள், இட்லி சுத்த வெள்ளை கிடையாது, லேசான பால் நிறம். நிறச் செறிவைக் கூட்டும் கோட்டில் கை வைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். மஞ்சள் சேர்ந்த நம் சமையலில் கொஞ்சம் கூட்டினாலே எலுமிச்சை சாதம் பெயின்ட் போல ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஹெச்.டி. அல்லது டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் நுண்விவரமெல்லாம் போய்விடும்.

இனி வத்தக்குழம்பு

மூன்று நான்கு வாரம் பழகியபின் இதற்கு வாருங்கள். குழம்பு அடுப்பிலிருந்து இறங்கியதும் எடுக்க வேண்டாம், பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். எண்ணெய் மேலே பிரிந்து வரட்டும், அந்த எண்ணெய்தான் இந்தப் படத்தின் உயிர். கல்சட்டி இருந்தால் அதிலேயே வையுங்கள்.

ஜன்னல் 11 மணியில். கைபேசியை 45 பாகையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். ஓர் உயரத்தில் எண்ணெய்ப் படலம் சட்டென்று மினுங்கும். குழம்பின் மேற்பரப்பு கண்ணாடி போலத்தான், ஜன்னல் வெளிச்சம் எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ அதே சாய்வில் திரும்பும். அந்தச் சாய்வை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இன்னும் இறக்கினால் மேற்பரப்பு முழுவதும் வெள்ளையாகிவிடும், அதனால் மினுமினுப்பு மூன்றில் ஒரு பங்கு இடத்தில் இருக்கும்போது நிறுத்துங்கள். அதிகமாகத் தெரிந்தால் ஜன்னலின் ஒரு பகுதியைக் கறுப்புச் சார்ட்டால் மறையுங்கள். முன்பக்கம் இருட்டாக இருக்கும் சுண்டைக்காய்களுக்கு, உள்ளங்கை அளவு தெர்மோகோல் துண்டை 5 மணி இடத்தில் படத்துக்கு வெளியே நிறுத்துங்கள்.

எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சிவப்பும் பழுப்பும் அதிக வெளிச்சத்தில் திட்டுத் திட்டாக நிறம் கலங்கிப்போகும். பக்கத்தில் வெள்ளைச் சாதம், சுட்ட அப்பளம், ஒரு துண்டு வாழை இலை. பழுப்பு நிறம் எவ்வளவு ஆழமானது என்று அந்த வெள்ளையும் பச்சையும்தான் காட்டிக்கொடுக்கும். கடைசியாக ஒரு கரண்டி குழம்பைச் சாதத்தின் மேல் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும் கை உங்கள் அம்மாவுடையதாக இருந்தால் அந்தக் கையும் படத்துக்குள் வரட்டும். தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்துக்கொண்டு கைபேசியை ஓரமாக வையுங்கள். சாதம் இன்னும் சூடாகத்தான் இருக்கும், உட்கார்ந்து பிசைந்து சாப்பிடலாம்.